பல் வெட்டிய பத்திரம்: வாசகர் கேள்விகளும் சொல் விளக்கமும்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காக 'இண்டென்ச்சர்'இல் (கூலி ஒப்பந்தத்தில்) வந்தவர் என்று ஆயா சொல்வார். மகளின் பள்ளிப் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு 'அடிமைபோல் வேலை செய்வது' என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'பல் பல்லாக வெட்டுதல்' என்று இருக்கிறது. எதை நம்புவது? (டோங்காட் வாசகி)

பதில்: இரண்டில் மூத்தது அகராதிப் பொருள்தான். கரும்புத் தோட்டத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் பல நூறு ஆண்டுகள் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.

லத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். டென்டிஸ்ட் அதிலிருந்து வந்தவர். சமஸ்கிருதத்தில் அதே வேர் 'தந்த' ஆயிற்று; அதை வாங்கி நாம் யானைக்குக் கொடுத்தோம், 'தந்தம்' என்று. ஆக, இண்டென்ச்சரும் தந்தமும் தூரத்துப் பங்காளிகள். உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில் விழ வேண்டும்: இன்-டென்-ச்சர்.

பத்திரத்துக்கும் பல்லுக்கும் என்ன உறவு? இங்கிலாந்தில் 10ஆம் நூற்றாண்டிலேயே இருந்த ஒரு வேலைப்பாட்டைப் பார்த்தால் விளங்கும். பதப்படுத்திய தோல் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். செம்மறியாட்டுத் தோலுக்குத்தான் மதிப்பு அதிகம். அது அடுக்கடுக்காக உரியும் தோல். எழுதியதை யாராவது சுரண்டினால் மேலடுக்கு பெயர்ந்து, திருட்டு தெரிந்துவிடும். அந்த ஒரே தோலில் ஒப்பந்த வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கொட்டை எழுத்தில் ஒரு சொல். பெரும்பாலும் அது 'கைரோகிராஃபம்'. 'கையால் எழுதியது' என்று பொருள் தரும் கிரேக்க வழிச் சொல். பிறகு அந்தச் சொல்லின் குறுக்கே கத்தியை ஓட்டி இரண்டாக வெட்டுவார்கள். எழுத்துகளின் மேல்பாதி ஒருவரிடம், கீழ்பாதி இன்னொருவரிடம். ஒருவர் முத்திரை வைத்த பாதி மற்றவர் கைக்குப் போகும்.

வழக்கு வந்தால் இரண்டு பாதிகளையும் கொண்டுவந்து சேர்த்துவைக்க வேண்டியதுதான். எழுத்து ஒட்டினால் உண்மை, ஒட்டாவிட்டால் போலி. நேராக வெட்டினால் எந்த நேர்விளிம்பும் எந்த நேர்விளிம்போடும் பொருந்திவிடும் அல்லவா? அதனால்தான் அலையாகவோ, ரம்பப் பல்லாகவோ வெட்டினார்கள். பல் வெட்டிய அந்தப் பத்திரமே இண்டென்ச்சர். ஒருவர் மட்டும் எழுதித் தரும் பத்திரத்துக்குப் பொருந்திப் பார்க்க மறுபாதி கிடையாது. அதன் விளிம்பை நேராக நறுக்கிவிடுவார்கள். அதற்குப் பெயர் 'டீட் போல்'. 'போல்' என்றால் கத்தரித்தல். பெயரை மாற்றிக்கொள்பவர்கள் இங்கிலாந்தில் இன்றும் டீட் போல்தான் எழுதுகிறார்கள்.

நில வழக்குகளில் மூன்று படி எடுப்பதும் உண்டு. மேல்பகுதியில் இரண்டு படிகள் பக்கம் பக்கமாக, மூன்றாவது அவற்றின் அடியில் குறுக்காக. மேலே உள்ளவை இரண்டு தரப்புக்கு. அடியில் உள்ளது, அதாவது 'கால்', அரசனின் கருவூலத்துக்கு. 1195 முதல் இந்தக் கால்களைச் சேர்த்துவைத்தார்கள். 1833இல்தான் அந்த முறை ஒழிந்தது. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னாலும் மூன்றாவது துண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

நம்மவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த கிழவர் 'நீ எனக்கு அடிமை' என்று நீட்டிய ஆளோலை நினைவிருக்கிறதா? சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் கலங்கவில்லை: கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூலவோலையை வாங்கி, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு பழைய ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆங்கிலேயர் விளிம்பை ஒப்பிட்டார்கள், நாம் கையெழுத்தை ஒப்பிட்டோம். கவலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: எதிராளி தன் படியைத் திருத்திவிட்டால் என்ன செய்வது? தமிழில் கடன் பத்திரத்துக்கும் அடிமைப் பத்திரத்துக்கும் 'முறி' என்று ஒரு பெயர் உண்டு. முறி என்றால் துண்டு. இண்டென்ச்சருக்கு ஒரே சொல்லில் தமிழ் வேண்டுமென்றால் 'முறி'யைவிடக் கச்சிதமானது எங்களுக்குத் தெரியவில்லை.

காலப்போக்கில் நடுவில் எழுதும் சொல் போயிற்று. மேல் விளிம்பை மட்டும் அலையாக நறுக்கிவைப்பது வெறும் சடங்காக நின்றது. 1845இல் இங்கிலாந்தின் நிலச் சொத்துச் சட்டம் அதையும் தேவையில்லை என்றது: பத்திரம் தன்னை இண்டென்ச்சர் என்று சொல்லிக்கொண்டால் போதும், விளிம்பை வெட்டாவிட்டாலும் செல்லும். மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தபோது, இண்டென்ச்சருக்குப் பல் கொட்டி 15 ஆண்டு ஆகியிருந்தது.

கேள்வி: சரி, பத்திரத்தின் பெயர் எப்படி ஆளுக்குப் பட்டமாயிற்று? நம்மவர்கள் மட்டும்தான் 'இண்டென்ச்சர்டு' ஆட்களா? (வெருலம் வாசகர்)

பதில்: முதலில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரபுக்கள். 1415இல் ஐந்தாம் ஹென்றி பிரான்சுக்குப் படையெடுத்தபோது, இத்தனை வில்லாளிகளைக் கூட்டிவருகிறேன், இத்தனை காலம் பணி செய்கிறேன், இவ்வளவு சம்பளம் என்று படைத்தலைவர்கள் அரசனோடு எழுதிக்கொண்டவை இண்டென்ச்சர்களே. அவர்களை யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை.

அடுத்தது தொழில் பழகும் பையன்கள். தச்சனிடமோ கொல்லனிடமோ பிள்ளையை விடும்போது தகப்பனும் ஆசானும் பத்திரம் எழுதிக்கொள்வார்கள். 1563ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 7 ஆண்டு பழக வேண்டும் என்று விதித்தது. பையன் ஆசானுக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆசான் சோறும் துணியும் இடமும் தந்து தொழிலை ஒளிக்காமல் சொல்லித்தர வேண்டும். ஃபிட்டர், டர்னர் வேலை பழகியவர்களின் பத்திரத்தை இந்த நாட்டிலும் இண்டென்ச்சர் என்றே சொல்லி வந்தார்கள். உங்கள் தகப்பனார் காலத்துப் பட்டறைப் பத்திரத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் திடுக்கிட வேண்டாம்.

17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவுக்குப் போன ஏழை ஆங்கிலேயர்கள் கப்பல் கூலி கொடுக்க வழியில்லாமல் 4 முதல் 7 ஆண்டு உழைப்பை எழுதிக்கொடுத்தார்கள். சொல்லின் பொருள் அங்கேதான் திரும்புகிறது: இனிமேல் பத்திரத்தில் எழுதப்படுவது தொழில் அல்ல, வெறும் உழைப்பு. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834 ஆகஸ்ட் 1இல் அடிமை முறை சட்டப்படி ஒழிய, அதே ஆண்டு நவம்பர் 2இல் 'அட்லஸ்' கப்பல் இந்தியர்களோடு மொரிஷியஸில் நின்றது. நேட்டால் அந்த வரிசையில் பின்னால் வந்த ஊர். 1860 முதல் 1911 வரை இங்கே வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். முதலாண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு 1 ஷில்லிங் ஏறும். பிடித்தம் எதுவும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் ஐந்தாண்டுக்கும் சேர்த்து 36 பவுன்.

பாடப்புத்தகத்தின் 'அடிமைபோல்' என்பது சொல்லின் பொருள் அல்ல, நடந்த வரலாற்றின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்பு. தீர்ப்பு தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பத்திரத்தைப் படிக்க முடியாது என்கிறோம். அடிமைக்குத் தவணை கிடையாது, இண்டென்ச்சருக்குத் தவணை உண்டு. ஆனால் சாதாரண வேலையாள் வேலையை விட்டால் முதலாளி இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவே. இண்டென்ச்சர் ஆள் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறை. பழைய பத்திரத்தில் இரண்டு பாதியும் சம எடை. நேட்டாலில் அந்தச் சமன் காகிதத்தில் மட்டும் இருந்தது.

1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி முன்பல் இரண்டு உடைந்து, வாயில் இரத்தத்தோடு டர்பனில் வழக்கறிஞர் காந்தியிடம் போய் நின்றதைப் படித்திருப்பீர்கள். முதலாளி அடித்தது நிரூபணமானாலும் பாலசுந்தரம் தானாக வேலையை விட முடியாது. வழி இரண்டுதான்: இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் என்ற அரசு அதிகாரி பத்திரத்தை ரத்து செய்ய வேண்டும் அல்லது வேறொருவர் பேருக்கு மாற்ற வேண்டும்; இல்லையேல் முதலாளியே மனமிரங்கி விடுவிக்க வேண்டும். கடைசியில் வேறு முதலாளியின் பேருக்குப் பத்திரம் மாறியது. பழைய ஆவணங்களில் 'இண்டென்ச்சர் ட்ரான்ஸ்ஃபர்டு' என்ற குறிப்பைக் கண்டால் இப்படி வாசியுங்கள்: ஆள் விடுதலை ஆகவில்லை, எசமான் மாறினார்.

கேள்வி: 'கிர்மிட்' என்பதும் இதுதானா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: ஆளும் பத்திரமும் ஒன்று, சொல் வேறு. கிர்மிட் என்பது 'அக்ரிமென்ட்' என்ற ஆங்கிலச் சொல் இந்திய நாவில் தேய்ந்த வடிவம். முன்னால் இருந்த 'அ' விழுந்து, நடுவில் இருந்த மெய்யும் கரைந்துவிட்டது. அதை எழுதிக்கொடுத்தவர் 'கிர்மிட்டியா'. கையெழுத்து வாங்கியவர்கள் இண்டென்ச்சர் என்றார்கள், கைநாட்டு வைத்தவர்கள் கிர்மிட் என்றார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மருமகன் 'பேப்பருக்கு இண்டென்ட் போட்டாச்சு' என்கிறான். கம்ப்யூட்டரில் பத்தி தொடங்க இண்டென்ட். காரின் கதவில் டென்ட். எல்லாம் ஒரே பல்லா? (லெனேசியா வாசகர்)

பதில்: முதல் இரண்டும் ஒரே பல். கிடங்கிலிருந்து சாமான் கேட்கும் சீட்டை இரண்டு படியாக எழுதி, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வைத்துக்கொண்டதால் அது இண்டென்ட். இந்திய அலுவலகங்களில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளினால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பல் இடைவெளி விழுகிறது, அதுவும் இண்டென்ட். காரின் டென்ட் வேறு குடும்பம்: அடி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டும் கலந்துபோயின.

கேள்வி: தாத்தாவின் பழைய ஒப்பந்தத் தாளில் ஒப்பந்தக் காலம் 'டிட்டர்மின்' ஆகும் என்று இருக்கிறது. யார் எதைத் தீர்மானிக்கிறார்கள்? (ஸ்டாங்கர் வாசகி)

பதில்: யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை, அம்மா. பழைய பத்திர மொழியில் 'டிட்டர்மின்' என்றால் முடிவுக்கு வருதல். 'சீஸ் அண்ட் டிட்டர்மின்' என்று இரட்டையாகவும் எழுதுவார்கள். நம் 'தீர்ந்து முடிந்து' போல. 'டெர்மினஸ்' என்று கடைசி ரயில் நிலையத்தைச் சொல்கிறோமே, அதே வேர். எல்லை குறிப்பதுதான் முதல் பொருள், மனத்தில் முடிவெடுப்பது அதன் பிறகு வந்தது.

அந்த 'முடிவு'க்குப் பிறகு என்ன என்பதையும் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம், தவணை முடிந்த பிறகு மறு ஒப்பந்தமும் செய்யாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்கியவர்களிடம் ஆண்டுக்கு 3 பவுன் வரி கேட்டது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், முதலாண்டுச் சம்பளத்தில் ஆறு மாதம். ஒரே ஆளுக்கு இரண்டாவது பத்திரம், அதாவது 'ரீ-இண்டென்ச்சர்', அகப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம். வரி 1914இல் நீங்கியது.

கேள்வி: வீட்டில் ஒரு நிலப் பத்திரம் இருக்கிறது. 'பை தீஸ் ப்ரசென்ட்ஸ்' என்று தொடங்குகிறது. என்ன பரிசு கொடுத்தார்கள்? நடுவில் 'விட்னெப்செத்' என்று ஒரு சொல், எந்த அகராதியிலும் இல்லை. 'டிமைஸ்' என்றும் வருகிறது, யாராவது இறந்துபோனார்களா? முற்றுப்புள்ளியே காணோம். (இசிப்பிங்கோ வாசகர்)

பதில்: பரிசும் இல்லை, சாவும் இல்லை. 'தீஸ் ப்ரசென்ட்ஸ்' என்றால் 'உங்கள் முன் இருக்கும் இந்த எழுத்து'. நம் பத்திரங்களில் 'இதனால் அறிவது யாதெனில்' என்று வருமே, அந்த இடம். 'டிமைஸ்' என்றால் குத்தகைக்கு விடுதல். ஆற்றோரத்தில் காய்கறித் தோட்டம் போட்டவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் குத்தகைப் பத்திரங்கள். 'டிமைஸ்' என்ற சொல்லைக் கண்டதும் சொந்த நிலம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

'விட்னெப்செத்' என்று நீங்கள் படித்தது 'விட்னெஸ்ஸெத்'. பழைய ஆங்கிலத்தில் எஸ் எழுத்துக்கு இரண்டு வடிவம். ஒன்று இன்று நாம் எழுதுவது, மற்றொன்று எஃப் போல நீண்டது. அச்சில் நீண்ட எஸ் 1800ஐ ஒட்டி மறைந்தது. கையெழுத்தில் மட்டும், இரண்டு எஸ் சேர்ந்து வரும் இடத்தில் முதல் எஸ்ஸை நீட்டி எழுதும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் தங்கியிருந்தது. அதுதான் உங்கள் கண்ணுக்குப் பி எழுத்தாகத் தெரிந்திருக்கிறது. ஆட்களின் பெயரிலும் இது இடறும்: 'ரஸ்ஸல்' என்பது 'ரப்செல்' ஆகிவிடும். சொல்லின் கடைசியில் வரும் 'எத்' பிழையல்ல. 'சொல்கிறது', 'செய்கிறது' என்பதில் வரும் நம் 'கிறது' போன்ற விகுதி. 'விட்னெஸ்ஸெத்' என்றால் 'இப்பத்திரம் சான்று பகர்கிறது'.

முற்றுப்புள்ளி இல்லாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பொருள் மாறும் என்பதால், புள்ளியின் தயவில்லாமலே நிற்கும்படி வாசகத்தைக் கட்டினார்கள். நம் ஓலைச்சுவடியிலும் புள்ளி கிடையாது, நாம் படிக்கவில்லையா? அப்படியே படியுங்கள். முதலில் பெரிய எழுத்தில் உள்ள சொற்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். எழுத்தர்கள் புதிய பகுதி தொடங்கும் இடத்தைப் பெரிய எழுத்தால்தான் காட்டினார்கள். பிறகு 'விட்னெஸ்ஸெத் தட்' எங்கே என்று பாருங்கள். அதற்கு முன்னால் இருப்பது தேதியும் ஆட்களும் பூர்வ கதையும். அதற்குப் பின்னால் 'டத் ஹியர்பை' என்று ஒரு வினை வரும்: விற்கிறார், குத்தகைக்கு விடுகிறார், ஒப்படைக்கிறார். அந்த வினையைப் பிடித்துவிட்டால் பத்திரம் உங்கள் கையில். 'ஸெட்', 'அஃபோர்ஸெட்' எல்லாம் 'மேற்படி'. முதல் வாசிப்பில் தாண்டிப் போகலாம்.

கேள்வி: பத்திரத்தில் ஆண்டு இல்லை. 'விக்டோரியா ஆட்சியின் 24ஆம் ஆண்டு, மார்ச் 5' என்று மட்டும் இருக்கிறது. 1837ஓடு 24ஐக் கூட்டினேன், 1861 வந்தது. சரியா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: விடை சரி, வழி தவறு. இதே வழியில் நவம்பர் தேதியைக் கணக்கிட்டால் ஓராண்டு தப்பிப் போகும். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837 ஜூன் 20. அவர் ஆட்சியின் முதல் ஆண்டு அன்று தொடங்கி 1838 ஜூன் 19இல் முடிகிறது. ஆகவே 1837ஓடு ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். தேதி ஜூன் 20 முதல் டிசம்பர் 31 வரையானால் அதுவே விடை. ஜனவரி 1 முதல் ஜூன் 19 வரையானால் மறுபடி ஒன்றைச் சேருங்கள். உங்கள் மார்ச் 5, 1861தான். 24ஆம் ஆண்டு நவம்பர் 16 என்றிருந்தால் 1860.

கேள்வி: கப்பல் பட்டியலில் 'ஸில்லா: என். ஆர்காட்' என்று இருக்கிறது. ஸில்லா என்பது கொள்ளுப்பாட்டியின் பெயரா? வேலூர்ப் பக்கம் விசாரித்தேன், ஊரே இல்லை என்கிறார்கள். (சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: பாட்டியின் பெயர் அல்ல, ஜில்லா. விலா எலும்பு, பக்கம் என்று பொருள்படும் அரபுச் சொல் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேய எழுத்தரிடம் 'ஸில்லா' ஆயிற்று. இந்திய நிர்வாகத்தின் ஆங்கிலத்தில் அன்று சாதாரணமாகப் புழங்கிய சொல். பக்கத்துக் கட்டத்தில் 'தன்னா' என்றிருந்தால் போலீஸ் தாணாவின் எல்லை, 'தாலூக்' என்றால் தாலுகா.

ஊர் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூர் மாவட்டம் மட்டும் அல்ல. ராணிப்பேட்டையும், இன்றைய திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சில பகுதிகளும் அதில் அடக்கம். அதைவிட முக்கியம், 1911இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. தாலுகாக் கட்டத்தை முதலில் படியுங்கள். சித்தூர்ப் பக்கத்துத் தாலுகாவானால் நீங்கள் தேட வேண்டியது ஆந்திரத்தில்.

ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தேடாதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆன கை அது. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் முதலி 'மூட்லி' ஆனதும் அப்படித்தான். பெயரை நம்பித் தேடுவதைவிடக் 'கொலோனியல் நம்பர்' எனப்படும் வரிசை எண்ணை நம்பித் தேடுவது நல்லது. பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் அந்த எண் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரே கப்பலில் நாலு முனுசாமி இருக்கலாம், ஆனால் ஒரு எண் ஒருவருக்குத்தான். எண்ணோடு தகப்பன் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம் நான்கையும் ஒத்துப் பாருங்கள். பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கேள்வி: திருமணப் பதிவில் ஆயாவுக்கு நேரே 'ஸ்பின்ஸ்டர்' என்றிருக்கிறது. அப்போது ஆயாவுக்கு வயது 17. கிண்டலா? கல்லறையில் இன்னொரு பாட்டிக்கு 'ரெலிக்ட்' என்று பொறித்திருக்கிறது. (அம்சிண்டோ வாசகி)

பதில்: கிண்டல் இல்லை. ஸ்பின்ஸ்டர் என்றால் முதலில் நூல் நூற்பவள். நூற்று வாழ்ந்த பெண்களில் மணமாகாதவர்கள் அதிகம் என்பதால், சட்ட எழுத்தில் அது 'மணமாகாதவள்' என்று நின்றது. வயது கணக்கில்லை, 17 வயதுப் பெண்ணுக்கும் அதுதான் சொல். முதிர்கன்னி என்ற ஏளனம் பின்னால் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் திருமணப் பதிவுகளில் 2005இல் இந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். நம் சங்கப் பாட்டிலும் மெல்லிய நூல் நூற்பவர்கள் 'ஆளில் பெண்டிர்'தாம், ஆண் துணை இல்லாதவர்கள். இரண்டு தூரதேசங்கள் நூற்பையும் தனிமையையும் ஒரே முடிச்சில் போட்டிருப்பது வியப்புத்தான்.

'ரெலிக்ட்' என்றால் விதவை. விட்டுச்செல்லப்பட்டவள் என்று லத்தீன் பொருள். கல்லில் அதற்கு அடுத்து வரும் பெயர் கணவருடையது, தகப்பனுடையது அல்ல. வம்சாவளி எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

கேள்வி: 1908 மார்ச் 3 தேதியிட்ட கடிதத்தில் 'உங்கள் 28 அல்ட். கடிதம் கிடைத்தது' என்று இருக்கிறது. (டர்பன் வாசகர்)

பதில்: 'அல்டிமோ', போன மாதம். ஆக, பிப்ரவரி 28. 'இன்ஸ்ட்.' என்றால் இந்த மாதம். உடனடியாக என்று படித்துவிடாதீர்கள். 'ப்ராக்ஸ்.' வரும் மாதம். ஜனவரியில் எழுதிய கடிதத்தில் 'அல்ட்.' வந்தால் ஆண்டும் ஒன்று குறையும்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்கிறார்கள். 'லெட்' என்றால் அனுமதிப்பது அல்லவா? அனுமதியில்லாமல் விடுங்கள் என்று ஏன் எழுத வேண்டும்? (வெருலம் வாசகி)

பதில்: இரண்டு 'லெட்' இருந்தன. ஒன்று அனுமதி, ஒன்று தடை. பழைய ஆங்கிலத்தில் அவற்றின் ஒலி வேறு வேறு. தடைக்கான சொல் 'லேட்' என்ற தாமதத்தின் உறவு. நாளடைவில் இரண்டும் ஒரே வடிவமாகத் தேய்ந்து, நேர் எதிரான இரு பொருள்கள் ஒரே சொல்லில் குடியேறின. ஒரு வீட்டில் இரண்டு பேரும் இருக்க முடியாமல் தடை வெளியேறியது. பாஸ்போர்ட்டில் 'தடையும் இடையூறும் இன்றி' என்ற சொற்றொடரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு இடம் டென்னிஸ் மைதானம். சர்வீஸ் பந்து வலையில் உரசிக் கட்டத்துக்குள் விழுந்தால் நடுவர் 'லெட்' என்கிறார். வலை தடுத்தது, மறுபடி அடி என்று பொருள்.